திரை சரியாகத் தெரிந்தால் மட்டும் போதாது
திரையில் எழுத்துகள் ஒழுங்காகத் தெரிந்தாலே பழைய முனைய மென்பொருளை, அதாவது மையக் கணினியோடு பேசும் முனையக் கருவியைப் போல நம் கணினியை இயங்கச் செய்யும் நிரலை, அகற்றிவிட்டுப் புதியதை நிறுவிவிடலாம் என்று இது பற்றிய ஒரு கட்டுரையின் ஆசிரியர் கூறுவது, முனையத்தோடு அச்சுப்பொறி இணைக்கப்படாத இடங்களுக்கே பொருந்தும். யாழ்ப்பாண நகரில் நான் கணக்குப் பார்த்த ஒரு மொத்த விற்பனைக் கடையில் இதே எண்ணத்தோடு மென்பொருளை மாற்றினோம். திரை அழகாகவே இருந்தது, ஆனால் விலைச்சிட்டை மட்டும் அச்சுப்பொறிக்குப் போகாமல் திரையிலேயே ஓடி மறைந்தது. 1983இல் வந்த விடி220 போன்ற முனையங்களில், கட்டளையின் தொடக்கத்தைக் காட்டும் எஸ்கேப் குறியை அடுத்துத் திறக்கும் சதுர அடைப்புக்குறி, 5, ஆங்கிலச் சிறிய எழுத்து i என்ற வரிசை மையக் கணினியிலிருந்து வந்தால் அதன் பின் வருபவை அனைத்தும் அச்சுப்பொறிக்குச் செல்லும், 5க்குப் பதிலாக 4 வந்தால் மீண்டும் திரைக்குத் திரும்பும். நாங்கள் நிறுவிய மென்பொருளுக்கு இந்த ஏற்பாடே தெரியவில்லை. பின்னர் இதை அறிந்த புட்டி (PuTTY) என்ற முனைய மென்பொருளை நிறுவி, அதன் முனைய அமைப்பில் அச்சுப்பொறியைத் தெரிவு செய்தபோது சிட்டை வந்தது. இடையில் முயன்ற வேறொரு மென்பொருள் விண்டோஸின் அச்சுப்பொறி இயக்கி வழியாகப் பக்கத்தைப் படமாக வரைந்து அனுப்பியதால், எழுத்தை ஒடுக்கி அச்சிடுமாறு அச்சுப்பொறிக்குச் சொல்லும் 15ஆம் எண் குறி தொலைந்து, 137 எழுத்துகள் அடங்க வேண்டிய வரி 80இலேயே முறிந்தது. லேசர் அச்சுப்பொறி வாங்கினால் தொல்லை தீரும் என அக்கட்டுரைக்கான பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியுள்ளார். மூன்று படிக் கார்பன் தாளில், ஊசி அச்சுப்பொறியில் நடப்பதுபோல், ஊசி அடித்தால்தான் கீழ்ப்படிகளில் எழுத்து விழும் என்பதை அவர் கவனிக்கவில்லை.