மண்டப வாடகையை யார் கட்டினார்கள்?

மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பிரதேச சபை மண்டபம் கேட்டுப் போன மலையகத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்துக்கு நடைமுறை மனப்பாடம். கடிதம், வாடகை, வைப்புப்பணம். மறுநாள் காலையில் காவலாளி நாற்காலிகளை எண்ணுவார். ஒன்றின் கால் உடைந்திருந்தால் கழித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தருவார்கள். கழிக்கட்டும், பொதுச் சொத்து அல்லவா.

அதே மண்டபத்தில் ஒரு கட்சியின் தோட்டத் தலைவர்மார் கூட்டம் நடக்கிறது. வாடகையைக் கட்டியது யார், பற்றுச்சீட்டில் யார் பெயர் என்று கேட்டால், "அமைப்பாளர் பார்த்துக்கொண்டார்" என்பார்கள். அமைப்பாளர் சொந்தப் பணத்தில் பார்த்தாரா, கொந்தராத்துக்காரர் ஒருவர் பார்த்தாரா, சபைத் தவிசாளர் ஒரு கையெழுத்தில் இலவசமாக்கினாரா?

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் கணக்குக் காட்ட வேண்டும். அரச நிறுவனங்களிடம் நன்கொடை பெறவும் கூடாது. வாடகை வாங்காமல் கட்சிக்குத் திறந்துவிட்ட சபை மண்டபம் நன்கொடை இல்லாமல் வேறென்ன? ஆனால் இந்தச் சட்டம் தேர்தல் காலத்துக்கானது. கட்சி வளர்வதோ மற்ற நாட்களில்.

மலையகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே கட்சிக்கும் தொழிற்சங்கத்துக்கும் நடுவில் சுவர் கிடையாது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் சம்பளத்தில் மாதாமாதம் சந்தா பிடிக்கிறார்கள். சம்பளச் சீட்டில் அந்த வரி தெளிவாக இருக்கிறது. அந்தப் பணம் அவளுடைய வழக்குக்குப் போனதா, மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் போனதா என்பது எந்தச் சீட்டிலும் இல்லை. மண்டப வாடகையைச் சங்கம் கட்டியிருந்தால், கட்டியது அவள்தான்.

இந்தச் சபைகள் சும்மா கிடைத்தவையும் அல்ல. தோட்டங்களுக்குள் பிரதேச சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்த, பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது 2018இல்தான். அதே ஆண்டுதான் நுவரெலியா, அம்பகமுவ சபைகள் இரண்டும் ஆறாகி மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதுப் பெயர்ப்பலகைகள் ஏறின. போராடி வாங்கிய சபையின் மண்டபம் கட்சிக்காரர்களின் வீட்டுத் திண்ணையாகிவிட்டால் வயிறு எரியாதா?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. கட்சியோ சங்கமோ மண்டபம், மைதானம் எதை எடுத்தாலும் திகதி, வழக்கமான வாடகை, கட்டிய தொகை, கட்டியவர் பெயர் நான்கையும் ஒரு வாரத்துக்குள் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். தள்ளுபடி என்றால் எந்தத் தீர்மானத்தின்படி என்றும் எழுதுங்கள். கட்சியும் தன் ஆண்டுக் கணக்கில் அதே தொகையைக் காட்டட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விசாரணை.

"தகவல் அறியும் சட்டம் இருக்கிறதே, விண்ணப்பியுங்கள்" என்பார்கள். இருக்கிறது. 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம், பதினான்கு வேலை நாட்களில் பதில். ஆனால் காலையில் விண்ணப்பம் கொடுத்தவரின் பெயர் மாலைக்குள் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) முழுக்கத் தெரிந்துவிடும் ஊர் இது. அடுத்த வீட்டுத்திட்டப் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்தவர் எவரும் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடத் தயங்குவார். கேட்டால்தான் தருவோம் என்பது இங்கே தரமாட்டோம் என்பதாகவே முடிகிறது.

சிறிய குழுக்களுக்கு இது சுமையாகும் என்றும் ஒருவர் சொன்னார். சுயேச்சைக் குழுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். முழு வாடகையும் கட்டிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.