சக்தி தீர்ந்த உயிர்க்கலம் எப்படிச் சாகிறது?

"சக்தி தீர்ந்த கலம் அப்பொப்டோசிஸில் அமைதியாகச் சாகும்" என்று மேலே தம்பி எழுதியது தலைகீழ். அப்பொப்டோசிஸ் என்பது கலம் தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொண்டு சாவது; அதற்கே ஏடிபி, அதாவது கலத்துக்குச் சக்தி தரும் மூலக்கூறு, வேண்டும். இழைமணியிலிருந்து (மைட்டோகாண்ட்ரியா) சாவுக்குச் சைகை தரும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிந்த பிறகும், அபாஃப்-1 புரதங்கள் ஒன்றுகூடி, கலத்தை உள்ளிருந்து வெட்டும் நொதியங்களான கஸ்பேஸ்களைத் தூண்ட ஏடிபியோ அதன் நெருங்கிய உறவான டிஏடிபியோ இல்லாமல் முடியாது. வெள்ளவத்தையில் கரண்ட் போன நேரம் மோட்டார் ஷட்டரை இறக்கப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

1997இல் மனித டி கலங்களில் (ஒரு வகை வெண்குருதிக் கலங்கள்) ஏடிபியைக் குறைத்துப் பார்த்தார்கள். வழக்கமாக அப்பொப்டோசிஸைத் தூண்டும் அதே மருந்து, நெக்ரோசிஸில், அதாவது கலம் கட்டுப்பாடின்றிச் சிதைந்து சாவதில், கொண்டுபோய் விட்டது. அதில் ஏடிபி இல்லாமல் அயன் பம்பிகள் நின்று, சோடியமும் நீரும் உள்ளே ஏறி, கலம் வீங்கி, மென்சவ்வு கிழிந்து எல்லாம் வெளியே கொட்டும். அழற்சி கிளம்புவது அதனால்தான். மாரடைப்பில் இரத்தம் அறவே எட்டாத நடுப்பகுதியில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள், தம்பி. அந்த வரியை மட்டும் மாற்றிவிடுங்கள்.