வீரபாகுவின் கண்ணாடி மாளிகை

(லண்டன், ஈஸ்ட்ஹாம். புதிதாகப் பச்சோந்தி வாங்கிய சரவணன் வீட்டில் பத்மா அக்கா. பல வருஷமாகப் பச்சோந்தி வளர்ப்பவர்.)

சரவணன்: வாங்கக்கா! யெமன் பச்சோந்தி, நாலு மாசக் குட்டி. பேரு வீரபாகு. கலர் மாறும்னு மூணு சட்டை மாத்திட்டேன், கண்டுக்கவே மாட்டேங்குது.

பத்மா: உன் சட்டை அதுக்கு எதுக்கு? குளிரு, பயம், கோபம், இதுக்குத்தான் மாறும். இப்ப கருத்துக் கிடக்குல்ல, குளிருது. வெயில் காயற கிளை 28 டிகிரி இருக்கணும். சரி, யூவிபி விளக்கு, அதான் புற ஊதாக் கதிர் விளக்கு, எங்க?

சரவணன்: ஜன்னல் வெயில் வருதேக்கா.

பத்மா: லண்டன் வெயிலு! அதையும் கண்ணாடி வடிகட்டிடும். 6 சதவீத யூவிபி குழாய் விளக்கு, டி5ங்கிற மெல்லிசு ரகம், வாங்கி மேல மாட்டு. கிளைக்கும் அதுக்கும் 25 செ.மீ. இடைவெளி விடு. பகல்ல 12 மணி நேரம் எரியட்டும், ராத்திரி ஒரு வெளிச்சமும் கூடாது. யூவிபி இல்லேன்னா உடம்புல வைட்டமின் டி3 ஊறாது. அப்புறம் கால்சியத்தக் கொட்டினாலும் எலும்புல சேராது. கால் வளையும், தாடை ரப்பராயிடும். வருஷத்துக்கு ஒரு தடவை குழாய மாத்து. எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், யூவிபி தீர்ந்திருக்கும்.

சரவணன்: தண்ணிக் கிண்ணம்கூட வெச்சேன். சீண்டலையே?

பத்மா: தேங்கின தண்ணி அது கண்ணுக்கே படாது. இலையில சொட்டினாத்தான் நக்கும். அந்த எச்சத்தப் பாரு. கறுப்புக்குப் பக்கத்துல வெள்ளையா இருக்கணும், இது ஆரஞ்சா இருக்கு. தண்ணி பத்தல. விளக்கு போடறதுக்கு முன்னாடி 2 நிமிஷம், அணைச்சப்புறம் 2 நிமிஷம் தெளி. பகல்ல காயணும். எந்நேரமும் சொதசொதன்னு இருந்தா நெஞ்சுல சளி கட்டி வாயப் பிளந்துடும்.

சரவணன்: தொட்டிக் கண்ணாடியில தன்னையே பாத்துப் பேசிக்குது, பாவம். ஜோடி வாங்கட்டுமா?

பத்மா: பேசல, திட்டுது! எதிரி நிக்கறான்னு நெனைக்குது. இது தனிக்கட்டை ஜாதி. தொட்டிய எடு. 60க்கு 60, உயரம் 120 செ.மீ., வலைக்கூண்டு. உள்ள மணி பிளான்ட், செம்பருத்தி.

சரவணன்: எங்க வீட்ல எனக்கே தனி ரூம் இல்லக்கா. ஊர்ல அண்ணனுக்கும் ஆசை, வேலியில ஒண்ணு பிடிச்சுக்கச் சொல்லவா?

பத்மா: சொல்லு. இந்தியாவோட 1972 வனவிலங்குச் சட்டப்படி அவரையும் கூண்டுல போடுவாங்க. தீனி என்ன?

சரவணன்: கிரிக்கெட் பூச்சி. பெருசா, கொழுகொழுன்னு!

பத்மா: வீரபாகுவோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல உள்ள அகலத்தப் பூச்சி மீறக் கூடாது. தீனியாக் குடுக்கறதுக்கு முதல் நாளே பூச்சிக்குக் கேரட்டும் கீரையும் போட்டுடு. டி3 இல்லாத கால்சியம் பொடிய லேசாத் தூவு. மாசத்துல ரெண்டு தடவை மட்டும் டி3 உள்ளது. மிச்சப் பூச்சிய ராத்திரி உள்ள விட்டுடாதே, தூங்கறதக் கடிக்கும்.

சரவணன்: எனக்குத் தயிர் சாதம், பூச்சிக்குக் கேரட்!

பத்மா: இரு, பின்னங்காலக் காட்டு. குதிகால்ல முள்ளு இல்லையே. வீரபாகு பொண்ணுடா!

சரவணன்: ஐயோ!

பத்மா: இன்னும் ரெண்டு மாசத்துல முட்டை போட ஆரம்பிக்கலாம்.

சரவணன்: அப்பன் யாருக்கா?

பத்மா: யாரும் வேணாம். கோழி போடலையா? ஒரு வாளியில 30 செ.மீ. ஆழத்துக்கு மணல். பிடிச்சா உதிராத ஈரம். தோண்ட ஆரம்பிச்சா கூண்டத் துணியால மூடிட்டு ஓடிடு. எட்டிப் பாத்தே, தோண்டறத நிறுத்திடும். முட்டை உள்ளேயே தங்கி உயிரே போயிடும்.

சரவணன்: வளைகாப்புக்கு வளையல் எந்த சைஸ்ல வாங்கறது?

பத்மா: முதல்ல மணல வாங்குடா!