மலையில் மூன்றாண்டு, பிறகு?

சென்ற வாரம் உதகையில் இறுதியாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் என்னிடம், "சார், எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வு) எழுதி இங்கேயே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்துவிட்டால் எத்தனை வருடத்தில் பி.ஜி. (முதுநிலை மருத்துவப் படிப்பு) கிடைக்கும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் குறை காண எனக்குத் தகுதியில்லை. நானும் அதே கணக்கோடு மலையேறியவன்தான். ஆனாலும், சுகாதார நிலையம் என்பது அடுத்த பேருந்து வரும்வரை ஒதுங்கி நிற்கும் நிழற்குடையாகவே பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிட்டதே என்ற உறுத்தல் வீடு திரும்பிய பிறகும் போகவில்லை.

இந்தக் கணக்கைப் பிள்ளைகள் தாமாகப் போடவில்லை. விதிகள் போட வைத்தன. மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பாதி அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு உரியது. அப்படி ஒதுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்டில் உறுதி செய்தது. அதோடு, கடினமான, தொலைவான இடங்களில் பணியாற்றியவர்களுக்கு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் அதிகபட்சம் 30 விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் சேர அகில இந்திய விதி இடம் கொடுத்தது. இவை இல்லாவிட்டால் மலையில் பல சுகாதார நிலையங்களுக்கு மருத்துவரே வந்திருக்க மாட்டார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மலைக்கு அழைத்து வரும் அதே விதிதான், அவர் மலையைக் கற்றுக்கொண்ட வேளை பார்த்து அவரைக் கீழே இறக்கியும் விடுகிறது.

கற்றுக்கொள்வது என்று எதைச் சொல்கிறேன்? தடுப்பூசியை வெப்பத்திலிருந்து காக்க வேண்டும் என்று கல்லூரியில் படித்தேன். டிசம்பர் மாதப் புதன்கிழமை ஒன்றில், உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்குகளை அவசரமாகத் தடுப்பூசிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்த என் கையைக் கிராம சுகாதார செவிலியர் அக்கா பிடித்து நிறுத்தினார். "குலுக்கிப் பாருங்க சார், உள்ளே தண்ணி சத்தம் கேட்கணும்" என்றார். சமவெளியில் சிறிது நேரம் வெளியே வைத்தாலே வியர்த்துவிடும் ஐஸ் பேக், பனி பெய்யும் மலைக் காலையில் நெடுநேரம் கல்லாகவே கிடக்கும். அதை அப்படியே வைத்தால், அதை ஒட்டியிருக்கும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் மருந்து உறைந்து வீரியம் இழந்துவிடும். போலியோ சொட்டு மருந்து உறைவதைத் தாங்கும், இது தாங்காது. அவர் சொல்வதற்கு முன் இரண்டு வாரங்களாக நான் அடுக்கிய பெட்டிகளை நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. தடுப்பு மருந்துக்கென்றே 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் இருக்கும் குன்னூர் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதை அப்போது நினைத்துச் சிரிக்கவும் முடியவில்லை.

கூடலூர்ப் பக்கம் பணியர் பழங்குடிக் குடியிருப்பில் இரத்தச்சோகை என்றதும் இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்தாமல் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோயான அரிவாளணு நோயையும் நினைப்பது, முதுமலைப் பக்கம் குரங்கு செத்துக் கிடந்தால் அதை வனத்துறைச் செய்தியாக மட்டும் கொள்ளாமல் இருப்பது ஆகியவையும் இப்படி வருவனவே. 2012இல் அங்கே இறந்த குரங்குகளில்தான், உண்ணி வழியே மனிதருக்கும் தொற்றும் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் தமிழ்நாட்டுக்குள் தெரியவந்தது. மலேரியா கொசுவால் பரவுவதைப் பின்னர் கண்டறிந்த ரொனால்டு ராஸ்கூட, விடுப்பில் உதகைக்கு வந்திருந்தபோது 1897இல் மலேரியாவைத் தேடிச் சீகூர்ப் பள்ளத்தில் இறங்கித் தாமே காய்ச்சலோடு திரும்பினார். மலை யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

இப்படிக் கற்றதை முழுநேரத் தொழிலாக்கிக்கொள்ளும் பாதை தமிழ்நாட்டில் இருப்பதைப் பலர் மாணவர்களிடம் சொல்வதே இல்லை. மருத்துவக் கல்விக்கும் ஊரக நலப்பணிகளுக்கும் தனித்தனி இயக்ககங்கள் இருப்பதுபோல் பொது சுகாதாரத்துக்கும் தனி இயக்ககம் உண்டு; அதன் கையில் 1939ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டமும் உண்டு. மற்ற மாநிலங்களும் இப்படியொரு தனிப் பணிப்பிரிவை அமைக்க வேண்டும் என்று 2017 தேசிய நலக் கொள்கை சொன்னது. டி.பி.எச். என்ற பொது சுகாதாரப் பட்டயமோ சமூக மருத்துவத்தில் எம்.டி.யோ முடித்தவர் நகர் நல அலுவலராகலாம், மாவட்ட சுகாதாரப் பொறுப்புக்கு வரலாம், இணை இயக்குநர், இயக்குநர் என்று மேலே செல்லலாம். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தில் எம்.பி.எச். என்ற பொது சுகாதார முதுநிலைப் பட்டம் படிக்கலாம்; உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் கண்காணிப்பு மருத்துவ அலுவலர் பணிக்கும் போகலாம்.

இதில் இழப்பும் உண்டு. மாலை கிளினிக் வருமானத்தை மறந்துவிட வேண்டும். கல்யாண வீட்டில் "என்ன ஸ்பெஷலிஸ்ட்?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பந்திக்கு அழைத்துவிடுவார்கள்.

அரசு செய்யக்கூடியது எளியதுதான் என்று நினைக்கிறேன். மலைப் பணிக்கு முதுநிலை மருத்துவத்தில் தரும் மதிப்பெண்ணைப் போல, பொது சுகாதாரப் பணிப்பிரிவில் நுழைவதற்கும் அந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுக்கலாம். விரும்புபவரை முழுச் சம்பளத்தோடு எம்.பி.எச். படிக்க அனுப்பி, திரும்பி வந்ததும் அதே வட்டாரத்தை அவர் பொறுப்பில் விடலாம். இன்று மருத்துவர் மாறும்போது மேசைச் சாவியும் மருந்து இருப்புக் கணக்கும்தான் கைமாறுகின்றன. எந்த எஸ்டேட் லைனில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) எந்த மாதம் காய்ச்சல் கூடும் என்பது செவிலியர் அக்காவின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவரும் ஒருநாள் ஓய்வு பெறுவார்.

அந்த மாணவருக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. வருகிற புதன்கிழமை தடுப்பூசி முகாமுக்கு வரும்படி அழைத்தேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார். முகாம் ஒன்பது மணிக்கு, ஆனால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏழு மணிக்கே வந்துவிடுங்கள், ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்றேன்.