குளியல் தொட்டிக் காட்சி

பாலியல் தொழிலில் இருக்கும் தாயைப் பற்றிய படத்தில் நகைச்சுவை கலந்தால் வறுமையின் வலி நீர்த்துப்போகும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அப்படிப் படவில்லை. ஷான் பேக்கரின் 'தி ஃப்ளோரிடா புராஜெக்ட்' (2017) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு மலிவான விடுதி. அதில் ஹாலியும் ஆறு வயது மகள் மூனியும். க்ளப்பில் ஆடும் வேலை போனபின் ஹாலி சென்ட் பாட்டில்கள் விற்கிறாள். அப்புறம் வேறு வழியில்லாமல் அறைக்கே ஆட்களை வரவழைக்கிறாள். படம் இதை நேராகக் காட்டாது. மூனி குளியல் தொட்டியில் பொம்மைகளோடு விளையாடுவாள், பாட்டு சத்தமாக ஓடும். அதே காட்சி மறுபடி மறுபடி வரும். திடீரென்று முன்பின் தெரியாத ஒருவன் உள்ளே நுழையும்போதுதான் விஷயம் நமக்கு உறைக்கும். அதுவரை மூனியின் சேட்டைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் இந்த வலியும் இல்லை.

விடுதி மேலாளராக வரும் வில்லம் டஃபோவுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, சரி. ஆனால் இன்ஸ்டாகிராம் வழியாகத் தேர்வாகி ஹாலியாகவே வாழ்ந்த ப்ரியா வினைட்டைப் பற்றியும் நாம் பேச வேண்டும். ஹாலி முன்கோபக்காரி, பொறுப்பில்லாதவள். ஆனாலும் கொட்டும் மழையில் மகளோடு அவள் ஆடும்போது என்னால் அவளை வெறுக்க முடியவில்லை.