பட்டா போகும், பெட்டி லொறி போகாது

பட்டிப்பொலையைத் தாண்டி ஒஹியவை நோக்கி ரயில் போகும்போது பெட்டியில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே பக்க ஜன்னலுக்கு நெருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி என்று எழுதிய பலகை அங்கே நிற்கிறது. இலங்கை ரயில் பாதையில் அதைவிட உயரமான இடம் கிடையாது. போனை வெளியே நீட்டாதவர்கள் குறைவு. மலையகத்தாருக்கு உயரம் என்றால் பெருமைதான். பீதுருதாலகால மலை 2,524 மீற்றர் என்று புலமைப்பரிசில் எழுதப்போகிற பிள்ளை தூக்கத்திலும் சொல்லும். ஆனால் அதே ரயில் பாதைக்கு அடியில் ரோடு நுழைகிற இடங்களில், சிவப்பு வட்டத்துக்குள் மேலும் கீழும் முக்கோணம் போட்டு நடுவில் ஒரு எண் இருக்கும், எவ்வளவு உயரமான வண்டிவரை அடியில் போகலாம் என்று. அதை யார் வாசிக்கிறோம்? ஏதாவது லொறி மாட்டினால்தான் அந்த எண் ஊருக்கே தெரியவருகிறது.

கொஞ்ச நாளாக வெளிநாட்டுப் பாலங்களின் வேடிக்கைப் பலகைகளைப் பலரும் பகிர்கிறீர்கள். நானும் சிரித்தேன். “இந்தப் பலகையில் இடித்தால் அந்தப் பாலத்திலும் இடிப்பாய்” என்று சங்கிலியில் தொங்குகிற பலகையை யாருக்குத்தான் பிடிக்காது? நம் ஊரிலும் இப்படி வைக்கலாமே என்று கீழே எழுதுகிறீர்கள். வைக்கலாம். ஆனால் அந்த நகைச்சுவை யாருக்கு என்பதில்தான் எனக்கு உங்களோடு கொஞ்சம் தகராறு.

இமயமலைப் பாதைகளில் இந்தியாவின் எல்லை வீதிகள் அமைப்பு வைத்திருக்கும் பலகைகள் பிரபலம். குடித்துவிட்டு ஓட்டாதே, வளைவில் மெதுவாகப் போ என்பதையெல்லாம் எதுகையோடு கிண்டலாக எழுதி வைத்திருப்பார்கள். அங்கே அது எடுபடும். வேகமாகப் போகிறவனுக்குத் தான் வேகமாகப் போவது தெரியும். தெரிந்த ஒன்றைச் சிரிப்போடு ஞாபகப்படுத்துகிறார்கள், அவ்வளவுதான். உயரம் அப்படியில்லை. பாலத்தின் உயரத்தைப் பலகை சொல்லிவிடும். தன் லொறியின் உயரம் சாரதிக்கே தெரியாதே!

தெரியாது என்று நான் மட்டம் தட்டவில்லை. நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு லீக்ஸும் கோவாவும் ஏற்றுகிற லொறியை நினைத்துப் பாருங்கள். மூட்டை அடுக்குகிற ஆட்களின் கைவண்ணத்தைப் பொறுத்து அதன் உயரம் நாளுக்கு நாள் மாறும். சரி, சுமையோடு பாலத்துக்குக் கீழே நுழைந்தாயிற்று, திரும்பி வரும்போது பயமில்லை என்று நினைத்தால் அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பெட்டி அடித்த லொறி சுமையை இறக்கியதும் ஸ்பிரிங் நிமிர்ந்து மேலே எழும்பும். போகும்போது மயிரிழையில் தப்பியது வரும்போது மாட்டும். அப்புறம் பாலம் ஒரு பள்ளத்தில் இருந்தால், நீளமான வண்டியின் முன்சக்கரம் பள்ளத்தைத் தாண்டி ஏறியிருக்க, பின்சக்கரம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்க, நடு உடம்பு மட்டும் கூரையை நோக்கி உயரும். வளைவுப் பாலமென்றால் நடுவில் ஓர் உயரம், ஓரத்தில் ஓர் உயரம். எதிரே பஸ் வருகிறதென்று ஓரம் கட்டினால் முடிந்தது கதை.

இதற்கெல்லாம் மேலே காபட், அதாவது ரோட்டில் போடுகிற தார்க்கலவை. ரோட்டுக்குக் காபட் போட்டால் நாம் பட்டாசு கொளுத்துகிறோம். பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதியதைப் போட்டால் ரோடு உயர்கிறது, பாலம் உயர்வதில்லை. இப்படி ஒவ்வொரு காபட்டும் பாலத்துக்குக் கீழே உள்ள இடைவெளியில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். மறுபடி அளந்து எழுதாவிட்டால் பலகையில் பழைய எண்ணே நிற்கும். இதை என்னால் நகைச்சுவையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சிரிப்பு மட்டும் போதாது என்பதற்கு உலகத்திலேயே நல்ல சாட்சி அமெரிக்காவின் வட கரோலைனாவில், டர்ஹம் நகரில் இருக்கிறது. 11 அடி 8 அங்குல ரயில் பாலம். அந்தப் பக்கம் வேலை பார்த்த ஒருவர் 2008இல் கமரா வைத்து, கூரை உரிபடுகிற லொறிகளைப் படம்பிடித்து இணையத்தில் போடத் தொடங்கினார். டின் திறப்பான் என்று பாலத்துக்குப் பட்டப்பெயரே வந்தது. 2016இல் உயரமான வண்டி வந்தால் தானே கண்டுபிடித்து, சிக்னலைச் சிவப்பாக்கி, திரும்பிப் போ என்று ஒளிர்கிற பலகையும் வைத்தார்கள். அதற்குப் பிறகும் இடித்தார்கள். 2019இல் பாலத்தையே 8 அங்குலம் தூக்கினார்கள். இன்னமும் இடிக்கிறார்கள். உலகமே பார்த்துச் சிரித்த பாலம்தான், ஆனால் அந்தச் சாரதிக்குச் செய்தி போகவில்லை.

எனக்குப் பிடித்தது ரஷ்யாவில், சென் பீட்டர்ஸ்பர்க் பக்கம் இருக்கும் 2.7 மீற்றர் பாலம். ஊரார் அதை முட்டாள்தனத்தின் பாலம் என்கிறார்கள். கஸேல் என்பது அங்கே தெருவெல்லாம் ஓடுகிற சின்ன லொறி. அந்தப் பாலத்தின் முன்னால் “கஸேல் போகாது” என்று ஒரு பலகை வைத்தார்கள். அதையும் மீறிக் கஸேல்கள் மாட்டுகின்றன, உண்மை. இருந்தாலும் இதில் உள்ள புத்தி வேறு எதிலும் இல்லை. மீற்றர் கணக்கை விட்டுவிட்டு வண்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. தன் பெயரைக் கேட்டால் எவனும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான்.

நம் பாலங்களுக்கும் நான் கேட்பது இதைத்தான். எண் இருக்கட்டும், அது சட்டம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் “டிமோ பட்டா போகும், பெட்டி லொறி போகாது” என்று போடுங்கள். டிமோ பட்டா என்பது நம் ஊர்க் குட்டி லொறி. மூன்று மொழியில் எழுத இடமில்லையா? வண்டியின் படத்தை வரைந்து குறுக்கே கோடு இழுத்தால் போதும். “துரைமார் காலத்திலிருந்து இந்தப் பாலம் யாருக்கும் குனிந்ததில்லை” என்று நானும் ஒரு வசனம் யோசித்து வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஒரு கையால் கியரை மாற்றிக்கொண்டு வருகிறவன் அதை வாசித்து முடிப்பதற்குள் பாலம் வந்துவிடும். அது நமக்கு, செல்ஃபி எடுக்கிறவர்களுக்கு.

தோட்டத்தில் தேர் வரும்போது பாருங்கள். கவைக்கம்போடு ஒருவர் முன்னால் நடப்பார். கரண்ட் கம்பி வந்தால் தூக்கிப் பிடித்து, “வரலாம், வரலாம், கொஞ்சம் பொறு” என்பார். தேரின் உயரத்தை அவர் எந்தப் பலகையிலும் வாசித்ததில்லை. கம்பை நிமிர்த்திப் பிடித்தால் கலசத்துக்கு எவ்வளவு இடம் என்று தெரிந்துவிடும். பாலத்துக்கும் அப்படி ஒரு கம்பு வேண்டும். பாலத்துக்குச் சற்று முன்னால், வண்டி திரும்ப இடமுள்ள சந்தியில், பாலத்தைவிட ஒரு சாண் தாழ்வாக ரோட்டுக்குக் குறுக்கே ஏதாவது தொங்கவேண்டும். சிட்னி துறைமுகச் சுரங்கத்தில் இதற்காகத் தண்ணீரையே திரைபோல விழவைத்து, அதன்மேல் நிறுத்து என்று ஒளியால் எழுதிக் காட்டுகிறார்கள். நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். மழையும் அதற்கு மேல் தேவையில்லை, வானம் தருகிறதே போதும்.

பழைய டயரை நீளநீளமாக வெட்டி, இரண்டு கம்பத்துக்கு நடுவில் கட்டித் தொங்கவிட்டால் போதும். கூரையில் பட்டால் சத்தம் வரும், கீறல் விழாது. சாரதி இறங்கி மேலே பார்ப்பார், கிளீனர் பையன் தலையைச் சொறிவான். லொறி அங்கேயே திரும்பிவிடும். பாலத்தடியில் மாட்டி, பார்த்தவரெல்லாம் இஞ்சினியராகி “டயர்ல காத்தை இறக்குங்கண்ணே” என்று கத்த, பின்னால் பஸ் வரிசை நீள, மேலே பாலத்தைச் சோதித்து முடிக்கும்வரை ரயில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. டயர் பட்டியில் யாராவது வெள்ளைப் பெயின்டால் வசனம் எழுத ஆசைப்பட்டால் தாராளமாக எழுதட்டும். என்னுடையதையும் இலவசமாகத் தருகிறேன்.