என்னைத் தூக்கிய படத்தைப் பகிர்பவர்களுக்கு

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தின நிகழ்வில் நான்கு பேர் என்னைச் சக்கரக் கதிரையோடு தூக்கிப் படியேற்றிய அந்தப் படத்தை இதுவரை பதினொரு பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். மேலே 'மனிதம் வாழ்கிறது' என்ற வசனம் வேறு. சரி, வாழட்டும். மண்டபத்துக்கு ஏன் சாய்தளம் இல்லை என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அது பழைய கட்டடம் இல்லை. 2009 இல் சண்டை முடிந்த பிறகு கட்டியது. பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006 இலேயே இலங்கை அரசின் வர்த்தமானியில் வந்துவிட்டது. அஜித் சி. எஸ். பெரேரா, கிரிக்கெட் நடுவராக இருந்தவர், 1992 இல் காரின் மேல் மரம் விழுந்து என்னைப் போலச் சக்கர நாற்காலிக்கு வந்தவர். அந்த மனிதர் வழக்குப் போட்டு, புதிதாகக் கட்டுபவர்கள் இதை மீறக்கூடாது என்று 2011 இல் உயர் நீதிமன்றக் கட்டளையே வாங்கித் தந்தார். கொழும்பில் வாங்கிய கட்டளை ஓமந்தை தாண்டி வடக்கே வரவில்லை போலிருக்கிறது.

காசில்லையாம். நான்கு படி, இரண்டு அடி உயரம். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் 24 அடி சாய்தளம், அவ்வளவுதான். பொன்னாடை எத்தனை வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்று காலை சவுண்ட் பெட்டிகளை ஏற்றப் பலகை போட்டிருந்தார்கள். பெட்டி ஏறியதும் எடுத்துவிட்டார்கள்.

'நல்ல மனதோடுதானே தூக்கினார்கள், இவனுக்கு எதிலும் குறை' என்று ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். தூக்கிய தம்பிமாரில் எனக்குக் கோபமே இல்லை. ஒருவனுக்கு இடுப்புப் பிடித்துவிட்டதாம், பாவம். ஆனால் அண்ணை, மலசலகூடம் போக நீங்கள் நான்கு பேரைக் கூப்பிடுவீர்களா? வெளியில் நிகழ்வு என்றால் முதல்நாள் இரவே நான் தண்ணீரைக் குறைத்துவிடுவேன். முள்ளந்தண்டில் அடிபட்டவனுக்குத் தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் கிருமி, பிறகு காய்ச்சல். இந்த முறையும் வந்தது. மூன்று நாளாகப் படுத்த படுக்கையில்தான் இதைத் தட்டுகிறேன். மேடையில் என்னைத் 'தன்னம்பிக்கையின் சிகரம்' என்றார்கள். சிகரத்துக்கும் மூத்திரம் வரும். சாய்தளம் எங்கே?

அம்மாவுக்கும் யாரோ அந்தப் படத்தைக் காட்டிவிட்டார்கள். ஏன் தம்பி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். 2009 இல் முள்ளிவாய்க்காலில் என்னைப் பெட்சீற்றில் போட்டுத் தூக்கியபோது ஒரு மூலையைப் பிடித்தவர் அவர். தூறல் விழுந்தது அம்மா என்றேன்.